சாட்ஸ்வர்த் பையன், படக்கதை, தன்பாலீர்ப்பு: இந்த இளையோர் நாவல் எங்கே நொண்டுகிறது?

நீலக்கொண்டை (செவ்வாய், இரவு 8:14)

வணக்கம் எல்லாருக்கும். நாவல் ஒன்றின் திட்டத்தை இங்கே வைக்கிறேன், தயவு பார்க்காமல் அடியுங்கள்.

நாயகன் கதிரவன், வயது 17, 12ஆம் வகுப்பு, ஊர் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் பகுதி. படக்கதை வரைபவன். பள்ளியில் கூடப் படிக்கும் இன்னொரு பையன் மேல் ஈர்ப்பு. அப்பா பஸ் ஓட்டுகிறார், அம்மா துணிக்கடையில் வேலை, வீட்டில் ஆயாவும் (பாட்டி) உண்டு. காலம் 2023. மொத்தம் 24 அத்தியாயம், 60,000 சொல். 22ஆம் அத்தியாயத்தில் வீட்டில் சொல்கிறான், பெரிய சண்டை. 24இல் ஓவியம் படிக்கக் கேப்டவுனுக்குப் பஸ் ஏறுகிறான்.

முதல் மூன்று அத்தியாயத்தைப் படித்த இரண்டு பேருமே "இரண்டு கதை மாதிரி இருக்கு" என்றார்கள். ஓவியக் கதை ஒரு பக்கம், காதல் கதை ஒரு பக்கம். எப்படி ஒட்டவைப்பது?

கரித்துண்டு (செவ்வாய், இரவு 9:02)

ஒட்டவைக்க வேண்டாம், ஒரே பொருளில் இரண்டையும் வை. அந்தப் பொருள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது: சோர்ஸ்புக், அதாவது ஒரு படைப்புக்கான எண்ணங்களையும் வரைவுகளையும் சேர்த்து வைக்கும் நோட்டு.

12ஆம் வகுப்பு விஷுவல் ஆர்ட்ஸ் தேர்வு எப்படி நடக்கிறது என்று வாசகருக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் தாள் எழுத்துத் தேர்வு, 3 மணி நேரம், 100 மதிப்பெண். எட்டுக் கேள்வியில் ஐந்தை எடுக்கலாம், கேள்விக்கு 20. இரண்டாம் தாள் செய்முறை, அதுவும் 100. அதில் பாதி, அதாவது 50, சோர்ஸ்புக்குக்கு. மீதி 50 முடித்த படைப்புக்கு. சோர்ஸ்புக்கை வீட்டிலும் செய்யலாம். படைப்பைப் பள்ளியில், ஆசிரியர் கண் முன்னால்தான் செய்ய வேண்டும், குறைந்தது 12 மணி நேரம், அதிகபட்சம் 24.

சோர்ஸ்புக்கில் என்ன இருக்க வேண்டும்? எண்ணம் எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது, எதைத் தூக்கிப் போட்டாய், ஏன் போட்டாய். வெறும் அழகான பென்சில் படம் ஒட்டினால் மதிப்பெண் வராது. "என் மனசுல என்ன ஓடுது" என்று பக்கம் பக்கமாகக் காட்டினால்தான் வரும். அதை ஆசிரியர் படிப்பார், வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரும் படிப்பார்.

ஆக, மனசைத் திறந்து காட்டினால் மார்க், மறைத்தால் மார்க் போச்சு. ஒளித்து வைக்க ஒரு விஷயம் உள்ள பையனுக்கு இதைவிட நெருக்கடி வேறென்ன வேண்டும்? 22ஆம் அத்தியாயம் வரை நீ காத்திருக்கவே வேண்டாம்.

இன்னொன்று. எழுத்துத் தாளின் எட்டுத் தலைப்பில் ஏழாவது என்ன தெரியுமா? பாலினப் பிரச்சினைகள், ஆண்மையும் பெண்மையும். பாடத்திட்டத்திலேயே அச்சாகி இருக்கிறது. எட்டில் ஐந்துதானே எழுத வேண்டும், அதனால் ஆசிரியர் அந்த ஏழாவதை "நேரமில்லை" என்று தாண்டிவிட முடியும். பையன் அந்தப் பக்கங்களைத் தானாகப் படிக்கிறான். உனக்கு ஓர் அத்தியாயம் இலவசம்.

நீலக்கொண்டை (செவ்வாய், இரவு 9:20)

இதை யோசிக்கவே இல்லை. சோர்ஸ்புக்கில் அவன் அந்தப் பையனை வரைந்து, பிறகு பயந்து கிழித்துவிடுகிறான் என்று வைக்கலாமா?

கரித்துண்டு (செவ்வாய், இரவு 9:41)

கிழிப்பது சுலபம், அதனால் கதைக்கு ஆகாது. கிழித்தால் விஷயம் முடிந்துவிடும். மறைக்கிறான் என்று வை. மறைத்தது மேலே வரும்.

கைவேலை இது: பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த பக்கத்தின் மேல் வெள்ளை ஜெஸ்ஸோ (ஓவியத்துக்குப் போடும் அடிப்பூச்சு) அல்லது அக்ரிலிக் வெள்ளை பூசினால், காய்ந்தபோது சுத்தமாகத் தெரியும். சில நாளில் மை வண்ணத்துக்குள் ஊறி ஊதாக் கோடாக மேலே கசியும். இன்னொரு பூச்சு போட்டாலும் கசியும், அந்த மையின் சாயம் அப்படி. பென்சிலாக இருந்தால் கசியாது. ஆனால் பூச்சு மெல்லியதாக இருந்தால் கோடு நிழலாகத் தெரியும். இந்தியன் இங்க் காய்ந்துவிட்டால் நகராது, அதை மறைக்கலாம்.

அவன் அவசரத்தில் பேனாவில் வரைகிறான். பூசுகிறான். மேலே வேறு ஏதோ மீன் சந்தைக் காட்சி வரைந்து நோட்டை ஒப்படைக்கிறான். பத்து நாள் கழித்து நோட்டு திரும்பி வரும்போது மீன்களுக்கு நடுவே ஒரு பிடரியும் காதும் ஊதாவில். ஓரத்தில் ஆசிரியரின் பென்சில் குறிப்பு: "ஏன் எல்லாப் பக்கத்திலும் அதே ஆள்?"

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டே இல்லை, கலை ஆசிரியர் யாரிடமும் கேட்கக்கூடிய கேள்விதான். பையனுக்கு மட்டும் தலையில் இடி. அந்த வித்தியாசத்தை நிதானமாக எழுது, ஒரு முழு அத்தியாயம் தாங்கும்.

பிரிவு9 (செவ்வாய், இரவு 10:15)

சட்டப் பக்கம் கொஞ்சம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து படிப்பவர் "போலீஸ் பிடிச்சிருமோ" என்று பயந்துகொண்டே படிப்பார். இங்கே நிலைமை வேறு, அதை வாசகருக்கு மூன்றாம் அத்தியாயத்துக்குள் புரியவைத்துவிடு.

1996 அரசியலமைப்பின் 9(3) பிரிவு பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. 1998இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை ரத்து செய்தது. 2006 நவம்பர் 30 முதல் ஒரே பாலினத் திருமணம் செல்லும். ஆக 2006இல் பிறந்த உன் பையனுக்கு, நினைவு தெரிந்த நாளிலிருந்து சட்டம் அவன் பக்கம். எதிர்ப்பக்கம் நிற்பது வீடு, தெரு, பெரியப்பா, கல்யாண மண்டபம். சட்டத்தைக் காட்டி ஆயாவிடம் வாதாட முடியாது. முடங்குவது அங்கேதான்.

சண்டைக் காட்சியில் அப்பா பெல்ட்டை எடுப்பதாக வைத்திருந்தால் கவனம். "பெத்தவன் திருத்த அடிச்சேன்" என்ற வாதத்தை 2019 செப்டம்பர் 18இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒழித்துவிட்டது. 2023இல் அது தாக்குதல் வழக்கு. அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம், பையனுக்கோ பள்ளி ஆலோசகருக்கோ தெரிந்திருக்கலாம். "வெளியே போடா" என்றாலும் செலவுக்குக் கொடுக்கும் கடமை போகாது, பிள்ளை தன் காலில் நிற்கும் வரை பெற்றோருக்கு உண்டு. 18 ஆனவுடன் அது தானாக நிற்காது.

கடைசியாக ஒன்று, இதில் விவாதம் வேண்டாம். பாத்திரங்கள் 18க்குக் கீழ். உடலுறவுக் காட்சி எழுதவே எழுதாதே. இங்குள்ள சட்டம் படத்தை மட்டுமல்ல, எழுத்து வர்ணனையையும், கற்பனைப் பாத்திரத்தையும் சேர்த்தே தடுக்கிறது. கதைக்கும் அது தேவையில்லை. பஸ்ஸில் முழங்கை தட்டுப்படுவதை ஒழுங்காக எழுதினால் போதும்.

கோயில்வாசல் (புதன், காலை 6:30)

தம்பி நீலக்கொண்டை, படக்கதை வரைவது சரி, ஆனால் அது எந்த ஊர்ப் பையனும் செய்வது. சாட்ஸ்வர்த் பையனின் கைக்கு இந்த ஊர் என்ன வேலை கொடுக்கும் என்று பார். காவடி கட்டுவது.

கை நுணுக்கம் உள்ள பையனைக் கோயிலில் எல்லாரும் தேடுவார்கள். "எனக்கும் ஒண்ணு கட்டித் தாடா" என்று அங்கிள்மார் வரிசையில் நிற்பார்கள். நாளை விஷயம் தெரிந்தால் முகத்தைத் திருப்பப் போவதும் அதே ஆட்கள்தான். கலையும் ரகசியமும் ஒரே இடத்தில் வேண்டும் என்று கரித்துண்டு சொன்னது இங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும்.

எழுதப் போகிறாய் என்றால் வேலையைத் தெரிந்துகொண்டு எழுது.

தோளில் உட்காரும் பலகை இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. அதன் இரு முனைக்கும் நடுவே பிரம்பையோ மூங்கில் பட்டையையோ அரைவட்டமாக வளைக்க வேண்டும். உலர்ந்ததை வளைத்தால் படார் என்று உடையும், முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நூல் கட்டு மட்டும் போட்டால் காயும்போது வளைவு விரிந்து முனை கழன்றுவிடும். மெல்லிய கம்பி போட்டு முறுக்கி, முறுக்கின முனையை உள்பக்கம் மடக்கி, மேலே துணி சுற்ற வேண்டும். இந்தத் துணியை மறந்தால் பாதி வழியில் எடுப்பவர் கழுத்தில் ரத்தம். மயிலிறகை முனையில் செருகும்போது அடித்தண்டு தோள் பக்கம் நீட்டாமல் பார்க்க வேண்டும்.

சாமந்தியை முந்தின நாள் நெருக்கிக் கட்டிக் குவித்து வைத்தால் உள்ளே புழுங்கிக் காலையில் பழுப்பாகிவிடும். பரப்பி, ஈரச் சாக்கு மூடி வைக்க வேண்டும். ரொம்ப நனைத்தால் பாரம் ஏறும். செம்பில் பாலை முக்கால்தான் ஊற்றுவது, வாழை இலை வைத்துக் கட்டுவது. டர்பன் தை மாத வெயிலில் ஊர்வலம் தாமதமானால் பால் திரிந்துவிடும்.

2023இல் தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை கிடையாது. அந்த வருஷம் ஞாயிறு என்பதால் லீவு எடுக்கும் காட்சி வைக்காதே.

கத்ர்போர்ன்_வாசகர் (புதன், காலை 9:11)

மொரிஷியசிலிருந்து. இங்கே தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை உண்டு. ஆனால் தன்பாலுறவை ஆண்களுக்குக் குற்றமாக்கிய 250ஆம் பிரிவு, 1838ஆம் வருஷச் சட்டம், 2023 அக்டோபர் 4 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. உங்கள் கதை நடக்கும் அதே வருஷம். வீட்டில் மொரிஷியஸ் உறவு யாராவது இருந்தால் இந்தச் செய்தி அக்டோபரில் வாட்ஸப் குடும்பக் குழுவில் வந்து விழும். பரீட்சைச் சமயம் வேறு. யார் என்ன எமோஜி போடுகிறார்கள், யார் பேச்சை மாற்றி மாம்பழ ஊறுகாய் படம் போடுகிறார்கள் என்று பையன் எண்ணிக்கொண்டிருப்பான். சும்மா ஒரு யோசனை.

நீலக்கொண்டை (புதன், பகல் 1:05)

கோயில்வாசல் அண்ணா, காவடியை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் படக்கதையை விட மனமில்லை. காவடியையே தேர்வுப் படைப்பாக அவன் செய்தால் என்ன?

கரித்துண்டு (புதன், பகல் 1:48)

செய்யலாம், சிற்ப வகையில் வரும். ஆனால் கணக்குப் பார். 24 மணி நேரத்துக்குள் பள்ளியில் முடிக்க வேண்டும். பூ வைத்தால் மதிப்பீட்டாளர் வரும் நாளுக்குள் அழுகி எறும்பு மொய்க்கும். படைப்பு முடிவதற்கும் மதிப்பீட்டுக்கும் நடுவே வாரக்கணக்கு ஓடலாம். பிரம்பு ஊறும் நேரத்தை 24 மணியில் சேர்ப்பதா இல்லையா என்று ஆசிரியரோடு வாக்குவாதமே வரும். நான் எழுதினால் அந்த வாக்குவாதத்தை வைப்பேன்.

பூவுக்குப் பதில் வாடாத பொருள். வெட்டின பால் பாட்டில் பிளாஸ்டிக், ரொட்டிப் பை, பழைய பஸ் டிக்கெட். பால் பாட்டில் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை ஒட்டாது, தையல் போட வேண்டும் அல்லது சூடான கம்பியால் துளைத்துக் கட்ட வேண்டும். வண்ணமும் நிற்காது, உரிந்துவிடும். முதல் தரம் அவன் பசையில் ஒட்டி, மறுநாள் காலையில் எல்லா இதழும் தரையில் கிடக்கும். 24 மணியில் ஆறு மணி போயிற்று. இது வில்லன் இல்லாத நெருக்கடி, நல்ல நெருக்கடி.

படக்கதை எங்கே போகும்? சோர்ஸ்புக்குக்குள். காவடி கட்டும் முறையைக் கட்டம் கட்டமாகப் படக்கதையாக வரைகிறான். முதல் கட்டத்தில் பிரம்பு, இரண்டாவதில் கை, மூன்றாவதில் அதைத் தோளில் சுமக்கும் ஆளின் பிடரி. அதே பிடரி.

கோயில்வாசல் (புதன், மாலை 5:22)

இதில் எனக்கு உடன்பாடில்லை. காவடி நேர்த்திக்கடன். பிளாஸ்டிக்கில் செய்து பள்ளிக்கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தால் மனசு புண்படுகிறவர் இருப்பார்கள், அவர்கள் எல்லாரும் மோசமானவர்கள் இல்லை. கோயில் கமிட்டியைக் கார்ட்டூன் வில்லனாக்கி விடாதே தம்பி. நாவலில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆயா கேட்கலாம்.

கரித்துண்டு (புதன், மாலை 5:40)

அண்ணன் சொல்வது நியாயம். ஆயாதான் சரியான ஆள். "யாருக்கு நேந்துக்கிட்டு இதைக் கட்டினே?" என்று கேட்கட்டும். அவன் பதில் சொல்ல முடியாமல் நிற்பதுதான் நாவலின் மையம். 22ஆம் அத்தியாயத்துச் சண்டையைவிட இது பெரிது.

சந்தைமேடு (புதன், இரவு 7:55)

எல்லாம் சரி, யார் படிக்கப் போகிறார்கள்? டர்பனில் 17 வயதுப் பிள்ளைகள் தமிழில் நாவல் படிப்பதில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தாலே பெரிய விஷயம். இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போகலாமே.

மெய்ப்பு (புதன், இரவு 8:30)

இங்கே படிக்கப் போகிறவர்களைவிட வெளியே படிக்கப் போகிறவர்கள் அதிகம் என்பது உண்மை. சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர் என்று பரவிக் கிடக்கிறார்கள். டர்பன் தெரியாத அவர்களுக்காக எழுதுவது என்றால் இரண்டு தொழில் முடிவு எடுத்தாக வேண்டும்.

முதலாவது உரையாடல். இந்த வீட்டில் அப்பா, அம்மா, பையன் பேசுவது ஆங்கிலம், ஆயா மட்டும்தான் தமிழ். நாவலிலோ எல்லாரும் தமிழில் பேச வேண்டும். ஒரே ஒரு முறையைப் பிடித்துக் கடைசி வரை போ. பிள்ளைகள் பேச்சைச் சாதாரணப் பேச்சுத் தமிழில் எழுது, ஆயாவுக்கு மட்டும் பழைய வட ஆற்காட்டு வாடை கொஞ்சம் கொடு. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களில் வட ஆற்காடு, செங்கல்பட்டுக்காரர்கள் நிறையப் பேர், ஆகவே பொருந்தும். மதுரைத் தமிழோ கொங்குத் தமிழோ கலந்தால் உடனே பல்லிளிக்கும். ஸூலு, ஆஃப்ரிக்கான்ஸ் வசைகள் பள்ளிக்கூடக் காட்சியில் வரும். "மொஃபி" என்ற வசை (தன்பாலீர்ப்பு ஆணை இழித்துச் சொல்வது) நாவல் முழுக்க மூன்று இடத்தில் வந்தால் போதும். முப்பது இடத்தில் வந்தால் வாசகருக்கு உறைக்காது.

பெயர். 2006இல் சாட்ஸ்வர்த்தில் பிறந்த பையனுக்குக் கதிரவன் என்று பெயர் வைத்திருக்க வாய்ப்பு குறைவு. திரோஷன், குவேஷன், ப்ரினோலன் இந்த மாதிரி, பின்னால் கவண்டரோ பிள்ளையோ படையாச்சியோ மூட்லியோ. கதிரவன் ஆயா கூப்பிடும் வீட்டுப் பெயராக இருக்கட்டும்.

இரண்டாவது நீளம். 60,000 சொல் அதிகம். டெம்மி அளவில், பக்கத்துக்கு 230, 240 சொல் என்று வைத்தால் 250 பக்கம் தாண்டும். 45,000க்குள் நிறுத்தினால் 192 பக்கத்தில் அடங்கும். அச்சகத்துக்கு அது 16 பக்க ஃபாரம் சரியாக 12, காகிதம் வீணாகாது. 195 வந்தால் ஒரு ஃபாரம் கூட ஏறி, பாதிக்கு மேல் வெற்றுத்தாள்.

நீலக்கொண்டை (புதன், இரவு 8:52)

சோர்ஸ்புக் பக்கங்களை உண்மையிலேயே படமாக உள்ளே வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆறேழு பக்கம். அச்சில் என்ன பிரச்சினை வரும்?

மெய்ப்பு (புதன், இரவு 9:34)

பிரச்சினை நிறைய. கோட்டுப் படத்தை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய். நிழல் உள்ள பென்சில் படத்துக்கு 300 போதும். கால் பாயிண்டுக்கு மெல்லிய கோடு நாவல் காகிதத்தில் காணாமல் போகும். ஊதா மை கசியும் பக்கம்தான் உன் கதையின் உச்சம் என்றால், ஒற்றைக் கறுப்பு அச்சில் ஊதா வராது. வண்ணப் பக்கம் ஒன்று செருகினால் செலவு ஏறும். சாம்பல் நிறத்தில் 30, 40 விழுக்காடு அழுத்தத்தில் அச்சிட்டு, மேலே உள்ள மீன் கோடுகளை முழுக் கறுப்பில் விடு. கண்ணுக்குக் கீழே இருப்பது மேலே வருவதாகத் தெரியும்.

பேச்சுக் குமிழியில் தமிழ் எழுதுவது தனி அவஸ்தை. "சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்" மாதிரி ஒரு சொல்லே குமிழியை விட அகலம். குமிழிக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், நீள வினைச்சொல்லை வாக்கிய முடிவில் வைக்காதே. முதலில் எழுத்தை எழுதிவிட்டுப் பிறகு குமிழி போடச் சொல்லு, உன் ஓவியர் யாராக இருந்தாலும்.

இங்கேயே வெளியிடுவதாக இருந்தால் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூலகம் இலவசமாகக் கொடுக்கும். 1997ஆம் வருஷச் சட்டப்படி நூலகங்களுக்குக் கட்டாயப் பிரதிகள் கொடுக்க வேண்டும். ஐந்து இடம், அதில் ஒன்று பக்கத்திலேயே பீட்டர்மாரிட்ஸ்பர்க் நூலகம்.

சந்தைமேடு (புதன், இரவு 10:10)

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேப்டவுன் முடிவு எனக்குச் சலிப்பாக இருக்கிறது. இந்த மாதிரிக் கதை எல்லாவற்றிலும் பையன் கடைசியில் பெரிய நகரத்துக்கு ஓடுகிறான். டர்பனில் கலை இல்லையா?

கரித்துண்டு (புதன், இரவு 10:26)

இதில் சந்தைமேட்டோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். நகர மண்டபத்துக்குள்ளேயே டர்பன் ஆர்ட் கேலரி இருக்கிறது, நுழைவு இலவசம். கிளென்வுட்டில் கேஸெட்என்எஸ்ஏ கேலரி. துறைமுகத்தோரம் பேட் சென்டர் என்ற கலை மையம். சாட்ஸ்வர்த்துக்குப் பக்கத்து உம்லாசியில் 1972இல் பிறந்தவர் ஸனேலே முஹோலி. கறுப்பினப் பால்புதுமையினரின் உருவப்படங்களை எடுத்து உலகப் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கவிட்டவர். உன் பையன் தினம் பஸ்ஸில் போகும் வழிக்கு அந்தப் பக்கம் அந்த டவுன்ஷிப், கறுப்பினத்தார் குடியிருப்பு. ஓடிப்போகாமலேயே அவனுக்கு முன்னோடி கிடைத்தாயிற்று.

இதோடு சாட்ஸ்வர்த் பஸ்ஸை மறந்துவிடாதே. வண்ணமும் பெயரும் பாட்டுச் சத்தமுமாக ஓடுகிற பஸ், அப்பா அதைத்தான் ஓட்டுகிறார். அப்பாவுக்கும் ஓர் அழகுணர்ச்சி உண்டு என்று காட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லை. பஸ்ஸின் பின்கண்ணாடியில் எழுத்து வரையப் பையனைத்தான் கேட்கிறார் என்று வை.

பிரிவு9 (புதன், இரவு 10:50)

விண்ணப்பக் கணக்கு. டர்பன் இருக்கும் குவாஸூலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே படிவம், விருப்பங்களை வரிசைப்படுத்திப் போட வேண்டும், வழக்கமான கெடு செப்டம்பர் 30. கேப்டவுன் அதில் வராது, தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், வரைகோப்பு தனியாக அனுப்ப வேண்டும். உன் 22ஆம் அத்தியாயச் சண்டை நவம்பரில் நடந்து, அதற்குப் பிறகு அவன் கேப்டவுன் போக முடிவெடுத்தால், விண்ணப்பக் கதவு எப்போதோ மூடிவிட்டது.

பணம்: குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் என்ஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வருமான விவரம் அதில் கேட்பார்கள். வீட்டோடு பேச்சு இல்லாத பையனுக்கு இந்த ஒரு கட்டம் போதும், பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க.

பட்டப்படிப்புத் தகுதிக்கு நான்கு பாடங்களில் 50 விழுக்காடு வேண்டும், வாழ்வியல் பாடம் கணக்கில்லை.

சந்தைமேடு (புதன், இரவு 11:04)

2023 என்கிறீர்கள். மின்வெட்டு? ஸ்டேஜ் 6 என்று கடுமையான மின்வெட்டு நடந்த வருஷம் அது. இருட்டில் மெழுகுவர்த்தி வைத்து வரைகிறான் என்று எல்லாரும் எழுதுவார்கள்.

பிரிவு9 (புதன், இரவு 11:12)

அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மின்கட்டமைப்பு சேதமானதால் ஈத்தெக்வினிக்கு (டர்பன் மாநகராட்சி) ஒரு காலம் மின்வெட்டில் விலக்கு இருந்தது, பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்தது. ஜோஹன்னஸ்பர்க் கணக்கை அப்படியே டர்பனில் ஒட்டினால் ஊர்க்காரர் பிடித்துவிடுவார். தேதி போட்டு எழுதும் காட்சிகளுக்கு அந்த வாரத்து நாளிதழைப் பார்.

நீலக்கொண்டை (வியாழன், காலை 7:40)

திருத்திய எலும்புக்கூடு. 18 அத்தியாயம், 45,000 சொல்.

தைப்பூசம், காவடி கட்டுகிறான் (1 முதல் 3 வரை). சோர்ஸ்புக், பிடரி, மறைப்பு (4 முதல் 7). கசிவும் ஆசிரியரின் குறிப்பும் (8). ஆடியில் மாரியம்மன் கூழ் ஊற்றும் நாள், ஆயாவுக்குத் தெரிய வருகிறது (9, 10). மூன்றாம் பருவம், 24 மணி நேரத் தேர்வு, பசை கழன்றது (11 முதல் 13). சி.ஏ.ஓ. படிவம் (14). மொரிஷியஸ் செய்தி, வீட்டில் வெடிக்கிறது (15, 16). பள்ளிக் கண்காட்சி, ஆயாவின் கேள்வி (17). முடிவு 2024 ஜனவரியில் மதிப்பெண் வரும் நாள் (18). கேப்டவுனை எடுத்துவிட்டேன், டர்பனிலேயே சேர்கிறான்.

2024 தைப்பூசம் ஜனவரி 25, தேர்வு முடிவு ஜனவரி 19. ஒரே வாரம். அடுத்த காவடியோடு முடித்துவிடவா?

கரித்துண்டு (வியாழன், காலை 8:15)

வேண்டாம். ரொம்ப வட்டமாக வந்துவிடும், வாசகர் பத்தாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். 19ஆம் தேதி காலையிலேயே நிறுத்து. விஷுவல் ஆர்ட்ஸ் மார்க் எவ்வளவு என்று மட்டும் வாசகருக்குத் தெரியட்டும். அதில் சோர்ஸ்புக் எவ்வளவு வாங்கியது என்பது தனியாகத் தெரியாது, முடிவுத் தாளில் பிரித்துப் போடமாட்டார்கள். அவன் எவ்வளவு திறந்து காட்டினான், அதற்கு என்ன கிடைத்தது என்று அவனுக்கே கடைசி வரை தெரியாமல் இருப்பது நல்லது.

கோயில்வாசல் (வியாழன், காலை 8:47)

ஆயாவுக்கு எப்படித் தெரிய வருகிறது என்று நீ சொல்லவில்லை. யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம், அந்தக் காட்சி புளித்துப்போச்சு. கூழ் காய்ச்சும் அன்று கேழ்வரகு மாவைக் கரைத்து முந்தின நாளே புளிக்க வைத்திருப்பாள். காலையில் பெரிய பாத்திரத்தில் கொதிக்கும்போது கை விடாமல் கிண்ட வேண்டும், விட்டால் அடி பிடிக்கும், கட்டி தட்டும். ஆயாவுக்குத் தோள் வலி, பையன் கிண்டுகிறான். அந்த இன்னொரு பையன் வாசலில் சைக்கிளோடு வந்து நிற்கிறான். இவன் கை நின்றுவிடுகிறது. ஆயா பாத்திரத்தைப் பார்க்கிறாள், அப்புறம் வாசலைப் பார்க்கிறாள். "அடி பிடிக்குது, கிண்டு" என்று மட்டும் சொல்லட்டும்.

நீலக்கொண்டை (வியாழன், காலை 9:03)

எடுத்துக்கொண்டேன் அண்ணா. அந்தப் பையனுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை.

மெய்ப்பு (வியாழன், காலை 9:10)

இரண்டு அசையில் வை. குமிழிக்குள் அடங்கும்.